பெட்டி இன்னும் பழகவில்லை

"அது குழந்தை இல்லைங்க, ஸ்பீக்கர். குழந்தை உள்ளே தூங்குது."

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாதவரிடம் என் சம்பந்தி இப்படித்தான் சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் முந்திக்கொண்டு சொல்லிவிடுவார், மாடி வீட்டு அம்மா வந்துபோன நாளிலிருந்து. அந்த அம்மாவுக்குக் கண்ணாடி போடாமல் வெளியே வரும் பழக்கம். நேராகக் கூடத்துப் பெஞ்சுக்குப் போய், வாத்துப் படம் போட்ட போர்வைக்குள் சுற்றி வைத்திருந்ததைக் குனிந்து பார்த்து, "அப்படியே தாத்தா ஜாடை. நெத்தியப் பாருங்க, சதுரமா" என்று சொல்லிவிட்டார்.

"அவருக்குன்னு வந்ததுதாங்க அது. ஜாடை இருக்கத்தான் செய்யும்" என்றார் சம்பந்தியம்மா, அடுப்படியிலிருந்தே.

நான் சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைக்கிறவன். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. என் கடையிலிருந்து ரெண்டு தெரு தள்ளித்தான் என் மகள் வாழ்க்கைப்பட்ட வீடு. என் வீட்டுக்காரி இப்போது இல்லை. அதனால் மகளுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து நான் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த வீட்டில்தான் இருப்பேன். பேத்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அவள் கொட்டாவி விடுவதையே நாலு பக்கத்துக்கு எழுதுவேன். அதனால் அவளுடைய இன்னொரு தாத்தாவைப் பற்றி எழுதுகிறேன். அவளைப் பற்றி எழுதினதாகவும் ஆகிவிடும்.

சம்பந்தி லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து நாலு வருஷம் ஒரே கம்பெனி. கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் 'காதுக்காரர்' என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் கதவில் காதை ஒட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "மேல மூணாவது உருளை காஞ்சு போச்சு" என்பார். ஏறிப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும். அந்தக் காதால் நான் பட்ட பாடும் உண்டு. எங்கள் பிள்ளைகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போனோம். எனக்கு மூன்று மண்டபம் பிடித்தது. மூன்றிலும் இவர் லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டு வந்து, "இது வேண்டாம், முனகுது" என்று சொல்லிவிட்டார். நான் சரி என்றால் அவர் வேண்டாம் என்பார். அவர் சரி என்றால் நான் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாணம் நடந்தது என்னவோ லிஃப்டே இல்லாத மண்டபத்தில். அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்களுக்குள் "வாங்க", "சாப்பிட்டீங்களா" என்ற ரெண்டு வார்த்தைதான். எதிரும் புதிருமாகவே இருந்தோம்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கூட்டாளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டியும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு முழ உயரத்தில் கருப்பாக, மழமழவென்று ரெண்டு பெட்டி. என் மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். கொண்டுவந்து வைத்த கடைக்காரர், "நூறு மணி நேரமாவது ஓட விடுங்க சார். புதுப் பெட்டிக்குத் தொண்டை இறுக்கமா இருக்கும். பழகப் பழகத்தான் குரல் திறக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் அதைக் காதில் வாங்காமல் அன்றைக்கே பாட்டைப் போட்டிருப்பார்கள். இவர் தலையை ஆட்டினார். ஏனென்றால் இவர் வேலையும் அதுதான். புது லிஃப்டில் முதலில் மனிதன் ஏறக்கூடாது. மணல் மூட்டையை ஏற்றி, மேலும் கீழுமாக மணிக்கணக்கில் ஓட்டி, கம்பி இழுபட்டு, உருளை பழகி, அப்புறம்தான் ஆள் ஏறலாம். "புதுசு எதுவா இருந்தாலும் அதுக்கு ஒரு அவகாசம் கொடுக்கணும் சம்பந்தி" என்றார். "குழந்தை வீட்டுக்கு வர்ற அன்னைக்கு இது வாயத் திறந்து பாடணும். கூடத்துல நுழையும்போதே பாட்டு கேக்கணும் அதுக்கு."

பேத்தி பத்து நாள் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை என்று ஒரு சின்னப் பெண் வந்தாள். தூங்குகிற குழந்தையின் காதில் பட்டாணி அளவுக்கு ஒன்றைச் செருகி, கையில் இருந்த மெஷினைப் பார்த்தாள். வலது காதில் வைத்தாள், இடது காதில் வைத்தாள். மறுபடி வலது. மறுபடி இடது.

"ரெண்டு காதும் இன்னைக்குத் தேறல. பயப்படாதீங்க, பிறந்த குழந்தைக்குக் காதுக்குள்ள தண்ணி நிக்கும், அதனாலயும் இப்படிக் காட்டும். அஞ்சு வாரம் கழிச்சுக் கொண்டு வாங்க. மறுபடி பார்ப்போம்."

பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தானே பயம் வருகிறது.

என் மகள் அன்றைக்கு அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்துச் சொன்னாள். "யாரும் எம்பொண்ணைச் சோதிச்சுப் பாக்கக் கூடாது. கைதட்டுறது, சொடக்குப் போடுறது, பின்னாடி நின்னு கூப்பிடுறது, எதுவும் வேண்டாம். அஞ்சு வாரம் அவ சும்மா குழந்தையா இருக்கட்டும்."

அவள் சொன்னபடியே யாரும் கைதட்டவில்லை. ஆனால் ஒருநாள் அடுப்படியில் ஒரு மூடி கீழே விழுந்து உருண்டு ஓடியது. கூடத்தில் நானும் மாப்பிள்ளையும் என் மகளும் இருந்தோம். மூன்று பேரும் அடுப்படிப் பக்கம் திரும்பவில்லை. தொட்டிலைத்தான் பார்த்தோம். குழந்தை அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அன்றிலிருந்து சம்பந்தியம்மா பாத்திரத்துக்கு அடியில் துணி விரித்து வேலை செய்தார். வீட்டில் கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்காது.

சம்பந்தி பாட்டைப் போடவில்லை. ஆனால் பெட்டியைச் சும்மாவும் விடவில்லை. பெஞ்சின் மேல் ரெண்டு பெட்டியையும் முகத்தோடு முகம் ஒட்டி நிற்க வைத்தார். பின்பக்கம் போய், ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு வயர் இருந்த இடத்தில் கருப்பையும், கருப்பு இருந்த இடத்தில் சிவப்பையும் மாற்றிச் சொருகினார். மேலே நாலு மடிப்புப் போர்வையைச் சுற்றினார்.

அதில் மேல் போர்வை, நான் என் பேத்திக்கு என்று ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பஞ்சு வைத்துத் தைத்தது. வாத்துப் படம் போட்டது.

"என்ன சம்பந்தி, பேத்திக்குத் தைச்சதை மரப்பெட்டிக்குப் போர்த்தி வச்சிருக்கீங்க?"

"அவளுக்கு அது பெருசா இருக்குங்க. வளரட்டும். இதுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு பாருங்க."

எனக்குக் கோபம் வந்தது. அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருந்தது என்பதால் இன்னும் கோபம் வந்தது.

"அது எதுக்கு வயர மாத்திச் சொருகினீங்க?"

"ஒண்ணு காத்த வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும். ஒண்ணு சொன்னதை இன்னொண்ணு அழிச்சிடும். உள்ள நல்லா ஓடிக்கிட்டிருக்கும், வெளிய சத்தமே வராது."

"நம்ம கல்யாணப் பேச்சு மாதிரி."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதேதான்" என்றார். நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

போர்வை மேல் கையை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுவது தெரியும். நடுக்கம் மாதிரி. பூனைக்குட்டி வயிற்றில் கை வைத்த மாதிரி. சத்தம் என்று பார்த்தால் தூரத்தில் யாரோ முணுமுணுக்கிற அளவுதான். காலையில் ஒன்பது மணிக்கு ஓட விடுவார், சாயங்காலம் அஞ்சுக்கு நிறுத்துவார். பழைய லிஃப்ட் பதிவு நோட்டு ஒன்றை எடுத்து, தேதி, ஓடிய நேரம், கவனித்தது என்று மூன்று கட்டம் போட்டு எழுதினார். கவனித்தது என்ற கட்டத்தில் எல்லா நாளும் "குறை இல்லை" என்றே இருக்கும்.

பெட்டி ஓடுகிற நேரமெல்லாம் குழந்தை அவர் நெஞ்சில்தான் கிடப்பாள். பால் குடிக்க மட்டும் அம்மாவிடம் போவாள். சட்டையின் மேல் ரெண்டு பட்டனைக் கழற்றி, அவள் கன்னத்தை நெஞ்செலும்பில் வைத்துக்கொண்டு கூடத்தில் நடப்பார். நடந்துகொண்டே பேசுவார். கதையும் இல்லை, தாலாட்டும் இல்லை. "பதினாறு மாடிக் கட்டடம்மா அது. ரெண்டு லிஃப்டு. ஒண்ணு நல்ல பிள்ளை. இன்னொண்ணு ஏழாவது மாடி வந்தா மூக்கால அழும்..." என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே போவார்.

"பச்சைக் குழந்தைகிட்ட லிஃப்டு கதையா?" என்று சம்பந்தியம்மா கேட்பார். "நல்ல வேளை, சாக்கடைக் காண்ட்ராக்டர் வேலை பாக்கல நீங்க."

இப்படியே மூன்று வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது நோட்டு பெஞ்சில் திறந்து கிடந்தது. எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், கணக்கு வேகமாக வரும். கடைசி வரியில் நூற்று எழுபத்தாறு என்று இருந்தது.

"நூறு தாண்டி எழுபத்தாறு ஆச்சே சம்பந்தி."

"கடைக்காரர் சொன்னது சின்னப் பெட்டிக்கு" என்று நோட்டை மூடினார்.

"சின்னப் பெட்டிதானே இது?"

அவர் பதில் சொல்வதற்குள் என் மகள் உள்ளிருந்து வந்தாள். தலை வாரவில்லை. கண் சிவந்திருந்தது. "மாமா, ஒரே ஒரு பாட்டுப் போடுங்களேன். எதுவா இருந்தாலும் சரி. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

"இன்னும் பழகலம்மா. இப்ப போட்டா நல்லா இருக்காது."

"நல்லா இல்லாட்டியும் பரவாயில்ல."

"இன்னும் கொஞ்ச நாள்மா."

அவள் உள்ளே போய்விட்டாள். பெற்ற மகள் வாய் திறந்து ஒரு பாட்டு கேட்கிறாள், இந்த மனிதர் பெட்டிக்குக் காவல் நிற்கிறார். அவர் நெஞ்சிலிருந்த குழந்தையை வாங்கிச் சம்பந்தியம்மாவிடம் கொடுத்துவிட்டு, "வாங்க, கொஞ்சம் பேசணும்" என்று அவரை மாடிப்படிக்குக் கூட்டிப் போனேன்.

"உங்களுக்கு அந்தப் பெட்டி பெருசா, எம்பொண்ணு பெருசா?"

அவர் படியில் உட்கார்ந்தார். கைப்பிடிக் கம்பியை விரலால் தட்டினார்.

"பெட்டி எப்பவோ பழகிடுச்சு சம்பந்தி. பதிமூணாம் நாளே."

"அப்புறம்?"

"பாட்டைப் போட்டா அவ பாட்டையா கேப்பா? குழந்தை மூஞ்சியத்தான் பாப்பா. அன்னைக்கு மூடி விழுந்துச்சே, நீங்க மூணு பேரும் தொட்டிலைப் பாத்ததை நான் வாசல்லேருந்து பாத்தேன். அது கண் சிமிட்டலேன்னா? அந்த அஞ்சு வாரத்தையாவது நிம்மதியா விடுங்கன்னு உங்க பொண்ணு கேட்டுச்சு. நான் பாட்டுன்னு ஒண்ணப் போட்டு அதுலயே சோதனை வைக்கவா?"

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் சேர்த்துத்தான் மூடி வச்சிருக்கேன்" என்றார். "முப்பத்து நாலு வருஷமா காதை வச்சுச் சோறு தின்னவன். என்னால அதைப் பாக்க முடியாதுங்க."

கம்பியைத் தட்டுவதை நிறுத்தினார். "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா, மேல ஒருத்தர் கையால சக்கரத்தைச் சுத்திப் பெட்டியை எறக்குவார். நான் கதவுகிட்ட நிப்பேன். பேசிக்கிட்டே இருப்பேன். என்ன பேசுறேன்னு உள்ள கேக்காது, கதவு அவ்வளவு கனம். நெஞ்சைக் கதவுல சாச்சுக்கிட்டுப் பேசுவேன். உள்ள இருக்கிறவங்க கதவுல கை வச்சிருப்பாங்க. வெளிய வந்ததும் என்ன சொல்வாங்க தெரியுமா? ஒண்ணும் கேக்கல, ஆனா ஆள் இருக்கீங்கன்னு தெரிஞ்சுச்சு, அப்படிம்பாங்க. அதான் அவகிட்டயும் பேசிக்கிட்டிருக்கேன். கேக்கலேன்னாலும் அதிருமில்ல."

மூன்று மண்டபத்தை வேண்டாம் என்ற மனிதர் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்தப் படிக்கட்டிலேயே இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் கடையிலிருந்து ரெண்டு அங்குல ஃபோம் எடுத்துக்கொண்டு போனேன். பெட்டிகளைச் சுற்றிலும் அளவெடுத்து, சோபாவுக்குத் தைக்கிற மாதிரி, முனையெல்லாம் மடித்து, ஜிப் வைத்து ஓர் உறை தைத்துப் போட்டேன். முணுமுணுப்பும் நின்றது. என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னப்பா, நீங்களும் இதுல சேந்துட்டீங்களா?"

"பெட்டி இன்னும் பழகலம்மா. நானே கை வச்சுப் பார்த்தேன். தொண்டை இறுக்கமாத்தான் இருக்கு."

என் வாழ்க்கையில் சம்பந்தி சொன்னதையே நானும் சொன்னது அதுதான் முதல் தடவை. வாத்துப் போர்வை பேத்திக்குத் திரும்பி வந்தது. அவளுக்கு அது பெரிதாகத்தான் இருந்தது.

நோட்டில் இருநூற்று எழுபத்திரண்டு ஆன மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை தூங்கினால்தான் பரிசோதனை செய்ய முடியும். தூங்க வைக்கிற வேலை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. சம்பந்தி பட்டனைக் கழற்றினார். "பதினாறு மாடிக் கட்டடம்மா அது..." ஆறாவது மாடி வருவதற்குள் அவள் தூங்கிவிட்டாள்.

அதே சின்னப் பெண். வலது காதில் வைத்தாள். நான் என் மகளுடைய கையைப் பிடித்திருந்தேன். அவள் என்னைப் பிடித்திருந்தாள் என்பதுதான் சரி.

"வலது தேறிடுச்சு."

இடது காதில் வைத்தாள். எடுத்தாள். துடைத்தாள். மறுபடி வைத்தாள். "இடது இன்னும் காட்டல. அடுத்த மாசம் பெரிய டாக்டர்கிட்ட தேதி வாங்கித் தர்றேன். ஆனா வலது நல்லா இருக்கு. பேச்சுக்குக் குறை வராது. நீங்க பேசுறதெல்லாம் கேக்குதுங்க."

என் மகளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டையும் சேர்த்துச் செய்தாள். சம்பந்தி அவள் தலையில் கை வைத்தார். "ஒண்ணு தொண்டை திறந்துடுச்சு. இன்னொண்ணு இன்னும் பழகலம்மா. அவகாசம் கொடுப்போம். இல்லேன்னாலும் லிஃப்டு ஒத்தக் கதவுலயும் ஓடும்."

வீட்டுக்கு வந்ததும் செருப்போடு உள்ளே போய் ஜிப்பைத் திறந்தார். பெட்டிகளைப் பிரித்து, அலமாரிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்தார். எல்லாரும் நின்றோம். பழைய பாட்டு ஒன்றைப் போட்டார்.

கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. மேளம் அடிப்பது தெரிந்தது, அடி விழவில்லை. சம்பந்தி ஒரு பெட்டியில் காதை வைத்தார், சரியாக இருந்தது. மற்றதில் வைத்தார், அதுவும் சரி. நடுவில் வந்து நின்றால் ஒன்றுமில்லை. லிஃப்டில் மூன்றாவது உருளை காய்ந்ததைக் கதவுக்கு வெளியே நின்றே சொல்கிறவர், கூடத்து நடுவில் திருதிருவென்று நின்றார்.

"இருநூத்தி எழுபத்திரண்டு மணி நேரம்" என்றார்.

அடுப்படி வாசலிலிருந்து சம்பந்தியம்மா, "அதிகமாப் பழகிடுச்சோ என்னவோ" என்றார்.

எனக்குத்தான் உறைத்தது. "சம்பந்தி, அதுல ஒண்ணு இன்னும் சண்டையிலேயே இருக்கு. வயர மாத்தவே இல்ல நீங்க."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நானே பின்பக்கம் குனிந்து சிவப்பைச் சிவப்பிலும் கருப்பைக் கருப்பிலும் சொருகினேன். நிமிர்வதற்குள் பாட்டு கூடம் முழுக்க வந்து நின்றது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. தரை வழியாக மேளம் காலில் ஏறியது.

நாங்கள் யாரும் பாட்டைக் கேட்கவில்லை. அவர் அன்றைக்குப் படிக்கட்டில் சொன்னதுதான் சரி. அஞ்சு பேரும் குழந்தையைத்தான் பார்த்தோம்.

பால் குடித்துக்கொண்டிருந்தவள் வாயை எடுத்தாள். கண்ணைப் பெரிதாக்கினாள். கை ரெண்டையும் விரித்து ஒரு தூக்கு தூக்கினாள். அப்புறம் உதட்டைப் பிதுக்கி, வீடே அதிர ஒரு அழுகை. ஒரு குழந்தையின் அழுகைக்கு அத்தனை பேர் சிரித்தது அந்தத் தெருவிலேயே நடந்திருக்காது. மாடி வீட்டு அம்மா, கண்ணாடி போட்டுக்கொண்டே, என்ன ஆச்சு என்று இறங்கி வந்தார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இடது காதுக்கு வருகிற வாரம் தேதி. பேத்தி இப்போது 'ங்' என்கிறாள், 'ஊ' என்கிறாள், நடுவில் ஒரு சின்னக் கத்தல் போடுகிறாள். சம்பந்தி அதற்கெல்லாம் பதில் சொல்கிறார். நோட்டில் கவனித்தது என்ற கட்டத்தில் இப்போது அவள் போடுகிற சத்தங்களை எழுதி வைக்கிறார். இன்று காலையில் நான் போனபோது பெட்டி ரெண்டும் நல்ல குரலில் பாடிக்கொண்டிருந்தன. அவர் நெஞ்சில் அவள் கிடந்தாள், ஏதோ முனகினாள். அவர் தலையைச் சாய்த்து, காதை அவள் வாயருகே கொண்டுபோய், என்னைப் பார்க்காமலே கையைக் காட்டிச் சொன்னார்:

"அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க சம்பந்தி. இவ என்னமோ சொல்றா, கேக்க விடமாட்டேங்குது."